கான்டனீஸ் நூடுல்ஸுக்காகவே ஐந்து நாள்: எங்கே போவது, எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி இதுதான். நண்பர்கள் நான்கு பேர், டிசம்பரில் ஐந்து நாள் விடுமுறை, சென்னையிலிருந்து புறப்படுகிறார்கள். கான்டனீஸ் (தென்சீனாவின் குவாங்டாங், ஹாங்காங் பக்கத்துச் சமையல்) நூடுல்ஸில் எது சிறந்ததோ அதைத் தேடிப் போய்ச் சாப்பிட வேண்டும். அதற்கு எந்த ஊர், எந்தக் கடை, எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறார்கள். நால்வரில் ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், இன்னொருவர் சுத்த சைவம்.

ஹாங்காங்கில் எட்டு வருடம் இருந்திருக்கிறேன். அந்த எட்டு வருடத்தில் பாதி மதியச் சாப்பாடு நூடுல்ஸ்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பதில். ஹாங்காங்கில் தங்குங்கள். ஒரு நாள் மக்காவ் போய் வாருங்கள். சீன விசா எடுக்க முடிந்தால் மட்டும் ஒரு நாள் குவாங்சோ. அப்புறம், "டாப் 20 கடைகள்" பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க ஓடாதீர்கள். மூன்று பண்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு கடைகளில், முடிந்தால் ஒரே நாளில், அடுத்தடுத்துச் சாப்பிடுங்கள். ஒரு கிண்ணத்தை மட்டும் சாப்பிட்டால் "நன்றாக இருந்தது" என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டாவது கிண்ணத்தைச் சாப்பிடும்போதுதான் முதல் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று நாக்குக்குப் புரியும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். நம்மூரில் ஹக்கா நூடுல்ஸ் என்ற பெயரில் கிடைப்பது கொல்கத்தாச் சீனர்களிடமிருந்து வந்து, நம் நாக்குக்கு ஏற்ப மாறிய வேறு ஒரு சாப்பாடு. கான்டனீஸ் நூடுல்ஸில் காரம் இருக்காது, பூண்டும் சோயாவும் முந்திக்கொண்டு நிற்காது. நூடுல்ஸின் கடிப்பு, சூப்பின் தெளிவு, சட்டியின் சூடு, இந்த மூன்றை வைத்துத்தான் அங்கே ஒரு கடையை எடை போடுவார்கள். மேஜையில் மிளகாய் எண்ணெய் இருக்கும். முதல் நான்கு வாய் அதைத் தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

பயணத்தின் மையம் வான்டன் மின். வான்டன் என்றால் உள்ளே இறாலோ பன்றி இறைச்சியோ வைத்து மெல்லிய மாவில் மடித்த சின்னக் கொழுக்கட்டை மாதிரி. (அவர்கள் மொழியில் "மின்" என்றால் நூடுல்ஸ். மீன் என்று நினைத்துவிட வேண்டாம்.) கிண்ணம் வரும்போது பார்த்தால் ஒரு கைப்பிடி மெல்லிய மஞ்சள் நூடுல்ஸ் மட்டும்தான் மேலே தெரியும், வான்டன் எங்கே என்று தேடுவீர்கள். அது அடியில் இருக்கும். அடியில் ஒரு கரண்டி, அதன் மேல் வான்டன், எல்லாவற்றுக்கும் மேலே நூடுல்ஸ். பழைய கடைகளில் இந்த வரிசை மாறாது. நூடுல்ஸ் சூப்பில் முழுக்க முங்கிவிட்டால் சில நிமிடத்தில் ஊறித் தொளதொளவென்று ஆகிவிடும் என்பதால்தான் அதைத் தூக்கி வைக்கிறார்கள். கிண்ணம் சிறியதாக இருப்பதற்கும் அதுதான் காரணம். ஊறுவதற்கு முன் சாப்பிட்டு முடிக்கிற அளவுதான் ஒரு கிண்ணம். சிறிய அளவுக்கு "சய் யுங்" என்று பெயர். வயிறு நிறைய வேண்டும் என்று பெரியதைக் கேட்காதீர்கள். சிறியதாக இரண்டு கடைகளில் சாப்பிடுங்கள்.

அந்த நூடுல்ஸில் மைதா மாவும் வாத்து முட்டையும் காரநீரும்தான். நாம் அப்பளத்துக்கு அப்பளக்காரம் போடுகிறோமே, அதே வேலையைத்தான் அந்தக் காரநீர் செய்கிறது. மாவை இறுக்கி, மஞ்சள் நிறமும் ஒரு தனி வாசனையும் கொடுக்கிறது. பச்சையாக அந்த வாசனை தூக்கலாக இருந்தால் நூடுல்ஸைச் சரியாக வேக வைக்கவில்லை என்று அர்த்தம். நல்ல கடையில் வாசலை ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் நின்று வேக வைப்பார். இடம் கிடைத்தால் அவரைப் பார்க்கிற மாதிரி உட்காருங்கள். ஒரு உருண்டை நூடுல்ஸைக் கொதிநீரில் போட்டு, அரை நிமிடம்கூட ஆகாமல் எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, மறுபடி கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, உதறிக் கிண்ணத்தில் போடுவார். அந்தக் குளிர்நீர்க் குளியலைக் "குளிர்ந்த ஆற்றைக் கடப்பது" என்று சொல்வார்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவும் காரநீர் வாசனையும் அதில் போய்விடும். பல்லில் பட்டால் துள்ளுகிற அந்தக் கடிப்பு இப்படித்தான் வருகிறது.

சூப்பில் பன்றி எலும்பு, இறால் முட்டை (இறாலின் சினை), கூடவே தட்டை மீன் ஒன்றின் கருவாட்டைச் சுட்டுப் போட்டிருப்பார்கள். கருவாடு தெரிந்த மூக்குக்கு முதல் உறிஞ்சலிலேயே அது பிடிபடும். நாற்றமாக இருக்காது, சுட்ட கருவாட்டின் அடிவாசம் மட்டும் மெல்ல வரும். பாதி சாப்பிட்ட பிறகு மேஜையில் இருக்கும் சிவப்பு வினிகரில் சில துளி விட்டுப் பாருங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வருடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு கோணம் பார்த்துப் பார்த்துப் பத்து நிமிடம் படம் எடுத்தேன். அப்புறம் சாப்பிட்டபோது கிண்ணத்தில் இருந்தது ஊறிப்போன சேமியா. முறுகல் தோசையைக் கல்லிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டுச் சாப்பிடுவீர்களா? இதுவும் அதே கதைதான். ஒரு படம் போதும்.

சரி, முதல் நாள் ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதி. வெலிங்டன் தெருவில் 77ஆம் எண்ணில் மக்ஸ் நூடுல், கொஞ்ச தூரத்தில் 98ஆம் எண்ணில் ட்சிம் சாய் கீ. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் வேறு இல்லை. மக் குடும்பத்தின் பெயர் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய குவாங்சோவிலேயே பிரபலம். மகன் ஹாங்காங் வந்து தொழிலைத் தொடர்ந்தார். இன்று ஊரில் "மக்" என்ற பெயரோடு இருக்கும் பல நூடுல்ஸ் கடைகள் அந்தக் குடும்பத்தையோ அங்கே தொழில் கற்றவர்களையோ சேர்ந்தவை. மக்ஸில் கிண்ணம் சிறியது, வான்டன் ஒரே வாயில் போகிற அளவு, சூப்பில் அழுத்தம் அதிகம். ட்சிம் சாய் கீயில் வான்டன் பெரிது, உள்ளே இறால் நிறைய, விலையும் குறைவு. முதலாவதில் நூடுல்ஸுக்காகவும் சூப்புக்காகவும் சாப்பிடுகிறோம், இரண்டாவதில் வான்டனுக்காக. என் ஓட்டு மக்ஸுக்கு. ஆனால் என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் எதிரே இருப்பதுதான் நல்லது என்று சண்டை போட்டிருக்கிறார்கள். நீங்கள் நான்கு பேரும் ஒத்துப்போக மாட்டீர்கள், அந்தப் பேச்சே பயணத்தின் நல்ல பகுதி.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் காஃப் தெருவில் காவ் கீ. மாட்டின் நெஞ்சுக்கறியைத் தெளிந்த சூப்பில் மணிக்கணக்கில் வேக வைத்து நூடுல்ஸோடு தருகிறார்கள். வரிசை இருக்கும், ஆனால் வேகமாக நகரும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. தெளிந்த சூப்புக்கு ஹோ ஃபன் என்கிற அரிசி நூடுல்ஸ் கேளுங்கள். அங்கேயே குழம்புப் பொடி போட்ட நெஞ்சுக்கறி இன்னொரு வகை. அதற்கு யீ மின் கேளுங்கள். யீ மின் முட்டை மாவில் செய்து எண்ணெயில் பொரித்த நூடுல்ஸ். பஞ்சு மாதிரிக் குழம்பை உறிஞ்சும். பிறந்தநாள் விருந்துகளில் நீண்ட ஆயுளுக்காகப் பரிமாறுவதும் இதைத்தான். சீனாவின் சிங் அரச வம்சத்தின் ஆட்சிக் காலத்தில் குவாங்டாங் மாகாணத்து ஹுய்சோவில் அதிகாரியாக இருந்த யீ பிங்ஷோ என்பவரின் பெயரால் வந்தது என்பார்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாத நண்பர் அந்த நேரத்தில் பக்கத்துச் சந்தில், மீ லன் தெருவில் இருக்கும் ஷிங் ஹியூங் யுவனில் உட்காரலாம். தெருவோரத்துத் தகரக் கூரைக் கடை, அங்கே டாய் பாய் டாங் என்பார்கள். தக்காளி சூப்பில் மக்ரோனியோ இன்ஸ்டன்ட் நூடுல்ஸோ போட்டு மேலே முட்டை வைத்துத் தருவார்கள். மேலே வைப்பது மாடா, பன்றியா, முட்டையா என்று சொல்லிக் கேட்க வேண்டும். இந்த மாதிரித் தெருக்கடைகளுக்கு அரசு பல பத்தாண்டுகளாகப் புதிய உரிமம் கொடுப்பதில்லை. இருப்பவை ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு வருகின்றன. அதனால் பட்டியலில் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இரண்டாவது நாள் ஷாம் ஷுய் போ. எனக்குப் பிடித்த பேட்டை, தங்குவதற்கும் நான் சொல்வது இதைத்தான். மெட்ரோவில் சிவப்புப் பாதையில் வரும். சென்ட்ரலைவிடக் கடைகளும் விலையும் சாதாரண மக்களுக்கானவை. இங்கே போவது மூங்கில் நூடுல்ஸுக்காக. மாவைக் கையால் பிசைந்த பிறகு, சுவரில் ஒரு முனையைச் செருகிய நீண்ட கனத்த மூங்கிலை அதன் மேல் வைத்து, மறுமுனையில் ஒருவர் ஒரு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்துகொண்டு எம்பி எம்பி அழுத்துவார். மூங்கில் மாவின் மேல் அங்குலம் அங்குலமாக நகரும். மாவை மடிப்பார், மறுபடி எம்புவார். உடல் எடை முழுவதும் மாவில் இறங்குவதால் தண்ணீர் சேர்க்காமலே முட்டையில் மாவு ஒட்டிக்கொள்கிறது. இயந்திரத்தில் இதே இறுக்கத்தைக் கொண்டுவருவது கடினம். அந்த வேலையைச் செய்ய ஆள் கிடைப்பதும் கடினம், அதனால்தான் இப்படிச் செய்யும் கடைகள் குறைந்துவிட்டன.

லாவ் சம் கீ என்ற கடை இங்கே க்வெய்லின் தெருவிலும் ஃபுக் விங் தெருவிலும் இருக்கிறது. அங்கே இறால் முட்டை லோ மின் கேளுங்கள். சூப் இல்லாத நூடுல்ஸ் மேல் உலர்த்திய இறால் முட்டையை செங்கல் பொடி மாதிரி தாராளமாகத் தூவியிருப்பார்கள். சூப் தனிக் கிண்ணத்தில் வரும். இட்லிப் பொடியைப் போல அது நூடுல்ஸில் ஒட்டிக்கொள்ளும், கடலின் உப்பும் ஒரு மெல்லிய கசப்பும் சேர்ந்த சுவை. இரண்டு வாய் நூடுல்ஸ், ஒரு மடக்கு சூப் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். மேஜையில் இருக்கும் முள்ளங்கி ஊறுகாயை மறக்காதீர்கள். அங்கிருந்து பக்கத்து சியூங் ஷா வான் பகுதியில் க்வான் கீ என்று இன்னொரு மூங்கில் நூடுல்ஸ் கடை. இரண்டிலும் அதே லோ மின்னைக் கேட்டால் இரண்டாவது ஒப்பீடு முடிந்தது.

அதே ஃபுக் விங் தெருவில் காலையில் வாய் கீ என்ற காபிக் கடையில் பன்றி ஈரல் சூப் நூடுல்ஸுக்குக் கூட்டம் அலைமோதும். ஈரல் பிடிப்பவர்களுக்கு மட்டும். வண்டி நூடுல்ஸும் இந்தப் பேட்டையில் நன்றாக இருக்கும். 1950களில் சீனப் பெருநிலத்திலிருந்து வந்த அகதிகள் தள்ளுவண்டியில் விற்ற ஏழைகளின் சாப்பாடு அது. எந்த நூடுல்ஸ், என்னென்ன மேலே என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். முள்ளங்கி, மீன் உருண்டை, கோழி இறக்கை, பன்றித் தோல் என்று வரிசையாக இருக்கும். நுணுக்கமான சமையல் இல்லை, ஆனால் குளிர்கால ராத்திரியில் வயிற்றுக்கு இதமானது.

மூன்றாவது பண்டம் ட்ரை ஃபிரை ஹோ ஃபன். அரிசியை ஊறவைத்து அரைத்து, தட்டில் மெல்லிய ஆடையாக ஆவியில் வேக வைத்து, அகலமாக வெட்டிய நூடுல்ஸ் இது. குவாங்சோவின் ஷாஹே என்ற பகுதியின் பெயரிலிருந்து ஹோ ஃபன் என்ற பெயர் வந்தது. நம் சீனச்சட்டிதான் இங்கே எல்லாம். சட்டி புகை வரும்வரை காய்ந்திருக்க வேண்டும். மாட்டிறைச்சி, முளைப்பயறு, வெங்காயத்தாள், நூடுல்ஸ் எல்லாம் போட்டு ஓரிரு நிமிடத்தில் வறுத்து இறக்கிவிடுவார்கள். அந்தச் சூட்டில் ஏறுகிற கருகல் வாசத்தை "வாக் ஹேய்" என்பார்கள், சட்டியின் மூச்சு என்று பொருள். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சாப்பிட்டு முடித்ததும் தட்டின் அடியைப் பாருங்கள். எண்ணெய் குளமாகத் தேங்கியிருந்தால் சட்டி காயவில்லை. நூடுல்ஸ் துண்டு துண்டாக உடைந்திருந்தால் சமைத்தவருக்குக் கை பழகவில்லை. இதற்கு நான் கடை பெயர் சொல்லப் போவதில்லை. இது சமைப்பவரின் கையையும் அன்றைய நேரத்தையும் பொறுத்தது. பெயர் பெற்ற ஓர் இடத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்து எண்ணெய்க் குளத்தைச் சாப்பிட்டிருக்கிறேன், பெயர் தெரியாத சந்தைக் கடையில் அருமையாகக் கிடைத்திருக்கிறது. பொதுச் சந்தைக் கட்டடங்களின் மாடியில் சமைத்த உணவுக் கடைகள் இருக்கும். இரவு எட்டு மணிக்கு அங்கே போய், அடுப்பின் சத்தம் எங்கே பெரிதாகக் கேட்கிறதோ அங்கே உட்காருங்கள்.

மக்காவுக்கு ஒரு நாள். ஷியூங் வானிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். இல்லையென்றால் 2018இல் திறந்த 55 கிலோமீட்டர் கடல் பாலத்தில் பேருந்து, அது இன்னும் மலிவு. 1946இல் தொடங்கிய வோங் சி கெய் செனாடோ சதுக்கத்தில் இருக்கிறது. இடம் சுற்றுலாப் பயணிகளின் நடுவில் என்பதால் கூட்டம். எனக்கு அங்கே அதிகம் பிடித்தது ஃபெலிசிடாட் தெருவில் இருக்கும் சியோங் கெய், சின்னக் கடை, இறால் முட்டை நூடுல்ஸ். ஷாம் ஷுய் போவில் சாப்பிட்ட சுவை நினைவிருக்கும்போதே இங்கே சாப்பிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

குவாங்சோ இந்தச் சாப்பாட்டின் தாய்வீடு. ஹாங்காங்கின் மேற்குக் கவ்லூன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பழைய ஷிகுவான் பகுதியில், என்னிங் சாலைப் பக்கம், வூ சாய் ஜி போன்ற கடைகளில் மூங்கில் நூடுல்ஸ் கிடைக்கும். அங்கே வான்டனில் பன்றி இறைச்சியின் பங்கு அதிகம். ஹாங்காங்கின் பளபளப்பு இருக்காது, நிதானமான சாப்பாடு. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே சீன விசா வேண்டும். ஐந்து நாளில் அதற்காக அலைவது தேவையா என்றால், முதல் பயணத்துக்குத் தேவையில்லை என்பேன். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் விசா இல்லாமலே போகலாம், அவர்கள் தவறவிடக் கூடாது.

சைவ நண்பருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வான்டன் கடைகளில் அவருக்கு ஒன்றும் இல்லை. வெறும் நூடுல்ஸ் மட்டும் போதும் என்றாலும் அதில் முட்டை, மேலே பன்றிக் கொழுப்பு, சூப்பில் எலும்பும் கருவாடும். கீரை கேட்டாலும் சிப்பி சாஸ் ஊற்றித்தான் வரும். அவரைப் பட்டினி போட்டு நீங்கள் சாப்பிடாதீர்கள். ஒரு மதியத்தை அவருக்காக ஒதுக்கி, டைமண்ட் ஹில்லில் சி லின் புத்தமடத்தை ஒட்டிய நான் லியான் தோட்டத்துக்குப் போங்கள். அங்கே அருவிக்குப் பின்னால் ஒரு சைவ உணவகம் இருக்கிறது. புத்தத் துறவிகளின் சைவம் என்பதால் மீன் சாஸ் கலந்திருக்குமோ என்ற கவலை வேண்டாம், காளான் நூடுல்ஸ் போன்றவற்றை நால்வரும் பகிர்ந்து சாப்பிடலாம். ஹலால் தேவைப்படுவோர் இதைப் படித்தால், வான் சாயில் அம்மார் பள்ளிவாசல் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருக்கும் உணவகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஹலால் டிம் சம் (பெரும்பாலும் ஆவியில் வேக வைத்த சின்னச் சின்னப் பலகாரங்கள்) கிடைக்கும்.

ஹாங்காங்குக்கு இந்தியர்கள் இணையத்தில் வருகைக்கு முந்தைய பதிவு செய்தால் போதும், ஒரு தடவைக்கு 14 நாள் வரை தங்கலாம், பதிவு ஆறு மாதம் செல்லும். மக்காவுக்குத் தனி விசா வேண்டாம். விமானச் சீட்டு எடுக்கும் முன் விதி மாறியிருக்கிறதா என்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிசம்பர் நல்ல மாதம், மழையும் புழுக்கமும் இல்லை. சீனப் புத்தாண்டை ஒட்டி மட்டும் போகாதீர்கள், குடும்பக் கடைகள் நாள்கணக்கில் மூடியிருக்கும். பகல் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை அலுவலகக் கூட்டம். மூன்று மணிக்குப் போனால் உட்கார இடமும் கிடைக்கும், வேக வைப்பவருக்கும் நிதானம் இருக்கும். கையில் ரொக்கம் வையுங்கள், பல கடைகளில் கார்டு எடுக்கமாட்டார்கள். ஒரு கிண்ணம் வான்டன் மின் பெரும்பாலும் 40 முதல் 60 ஹாங்காங் டாலருக்குள் முடியும். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வைப்பார்கள், அது அங்கே வழக்கம். பணியாளர் சிரிக்காமல் கிண்ணத்தை டொக்கென்று வைத்தால் கோபம் என்று நினைக்காதீர்கள், அவருக்கு நேரமில்லை, நூடுல்ஸுக்கும்தான். "ம் கோய்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். தயவுசெய்து என்பதற்கும் நன்றிக்கும் அந்த ஒரே சொல் போதும்.

ஒரு நாளைக்கு நான்கு சின்னக் கிண்ணத்துக்கு மேல் வேண்டாம். ஐந்தாவதில் நாக்கு எதையும் பிரித்துச் சொல்லாது. இடையில் நடந்துகொண்டே இருங்கள்.

கடைசி நாள் ஷாம் ஷுய் போ மளிகைக் கடைகளில் உலர்ந்த இறால் முட்டை நூடுல்ஸ் உருண்டைகள் வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியில் நசுங்காமல் கைப்பையில் வையுங்கள். ஊருக்கு வந்ததும் நிறைய தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, உருண்டையைப் போட்டு, நூல் பிரிந்ததும் ஒரு இழையைக் கடித்துப் பாருங்கள். நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்கும்போதே வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, திரும்ப ஒரு முக்கு முக்கி எடுத்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் நறுக்கிய வெங்காயத்தாளும் போட்டு, அடுப்பின் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுங்கள்.